மூப்பர் பொறுப்புக்கு ஒரே ஒரு கேள்வி

அன்று காலை என் கால் தரையில் பாவவில்லை! எங்கள் கிறிஸ்தவ சபையில், போதகருக்குத் துணையான மூப்பர் பொறுப்புக்குத் தேர்வு. நிற்பவர் ஒரே ஆள்: என் அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் பிடித்து, "இந்தத் தடவை நம்ம ஆளுதான், பாத்துக்கிட்டே இருங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"டேய், வாயை மூடிக்கிட்டு சும்மா இருடா! முதல்ல கிடைக்கட்டும்."

அவள் பயப்படாமல் என்ன செய்வாள்? மனுஷன் எட்டு வருஷமாக ஆசைப்படுகிற பொறுப்பு. இரண்டு தடவை கைநழுவிப் போயிருக்கிறது.

எங்கள் போதகர் விடாப்பிடியான ஆள். நன்றாகப் பாடுகிறாரா, கண்ணீர் விட்டு ஜெபிக்கிறாரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். மூப்பராக வர நினைப்பவரிடம் ஒரே ஒரு கேள்விதான்: "உங்களால காயப்பட்டு, இன்னும் ஆறாத ஆள் யாரு?" பதிலைத் தாளில் எழுதித் தர வேண்டும். ஞாயிறு ஆராதனையில் அதை வாசிப்பார். அந்த ஆள் சம்மதித்தால்தான் மேற்கொண்டு பேச்சு!

முதல் தடவை அக்கா வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அப்படி யாருமே இல்லை" என்று எழுதினார். "விசுவாசத்துல இன்னும் முதிர்ச்சி வரணும், தம்பி" என்று போதகர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலு வருஷம் கழித்து, "ஒருவர் இருக்கிறார், ஆனால் தப்பு அவர்மேல்" என்று எழுதினார். அதுவும் திரும்பி வந்தது. அன்று வீட்டுக்கு வந்து எல்லார்மேலும் எரிந்து விழுந்தார்.

"இந்தத் தடவை யாரைக்கா எழுதியிருக்காரு?" என்று குடைந்தேன்.

"எனக்கே காட்டலடா!"

மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனுஷன், ஆளுக்கா பஞ்சம்? வாட்ச்மேனா, எதிர்வீட்டுத் தையல்காரரா என்று நானே மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். ஆராதனை நடுவில் போதகர் தாளைப் பிரித்து வாசித்தார்.

"என் மனைவியின் தம்பி. ஒன்பது வருஷமாக என்னை அத்தான் என்று கூப்பிடவில்லை. தப்பு என் வாயில்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா?

ஒரு காலத்தில் நானும் அவரோடு லிஃப்ட் வேலை பார்த்தவன்தான். ஒருநாள் அவர் மேலே மோட்டாரில் கை வைத்திருந்தார். கீழே மெயின் சுவிட்சில் 'போடாதே' என்ற அட்டையை நான் மாட்ட மறந்துவிட்டேன். யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். மயிரிழையில் தப்பினார். தடதடவென்று இறங்கி வந்து, ஆபீஸ் ஜனம் அத்தனை பேர் முன்னாலும், "தண்டச்சோறு! உங்கக்கா மூஞ்சிக்காகத்தான்டா உன்னை வச்சிருக்கேன்!" என்றார்.

கோபம் நியாயம்தான். ஆனால் அந்த வார்த்தை! மறுநாளே வேலையை விட்டுவிட்டு வேன் ஓட்டப் போய்விட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். "அட விடுங்க, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு" என்றேன். சத்தியமாக, மறந்துவிட்டதாகத்தான் நானும் நினைத்தேன். அன்றைக்கும் "வாங்க, உக்காருங்க, டீ குடிங்க" என்றதோடு சரி, முறை சொல்லிக் கூப்பிடவில்லை. அது எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"உங்க சம்மதம் என்ன, தம்பி?" என்றார் போதகர்.

சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முன்வரிசையில், கிரீஸ் போகாத கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இன்னும் நாலு வருஷம். அது தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்!

எழுந்தேன். "வருத்தம் இருந்துச்சு ஐயா. மறந்துட்டேன்னு சொன்னது பொய். நானே அதை நம்பிட்டேன், அவரு நம்பல பாருங்க..." முன்வரிசைப் பக்கம் கையை நீட்டினேன். "குடுங்க ஐயா! எங்க அத்தானுக்கே குடுங்க!"

அக்கா போட்ட "அல்லேலூயா"வில் போதகரே ஆடிப்போனார். சபை முழுக்கக் கைதட்டல். அத்தான் எழுந்து நேராக என்னிடம் வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை கூப்புடுடா" என்றார்.