பெடலை விட்டு ரேக்குக்கு மாறிய ஓணம்

எனக்கு ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறிப்பு, படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது திருவனந்தபுரத்தில் தெரிந்த ஒரே ஆள் எங்கள் கானமேளா ட்ரூப்பின் கீபோர்டுக்காரன். கோயில் திருவிழா, ஓணம், ஆபீஸ் ஆண்டுவிழா என்று மேடைக்கு மேடை சினிமாப் பாட்டு பாடுகிற ட்ரூப் அது. நான் அதில் கிடார் வாசித்தேன். ஒரு பாட்டை நாலு தடவை கேட்டால் விரலுக்கு வந்துவிடும், அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் இடையிசை நீண்டால் எத்தனையாவது தாளக்கட்டில் நிற்கிறேன் என்று தொலைந்துபோவேன். கிடாரின் ஒலியை மாற்ற வேண்டிய இடம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

என் காலடியில் ஐந்து பெடல்கள் இருக்கும். ஒன்றை மிதித்தால் கிடார் கரகரக்கும், இன்னொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். எப்போது எதை மிதிப்பது என்பதுதான் என் பிரச்சினை. அதற்குக் கீபோர்டுக்காரன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அவன் முன்னால் நொட்டேஷன் விரித்திருக்கும். மாற்றம் வருவதற்கு இரண்டு தாளக்கட்டு முன்னால் என்னைப் பார்ப்பான். மோவாயைத் தாழ்த்தினால் கரகரப்பு, தலையைச் சாய்த்தால் எதிரொலி, கண்ணை மூடித் திறந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் ஐம்பது தடவையாவது பார்ப்பான். பாடகருக்குக்கூட இந்தக் குட்டு தெரியாது.

அப்போது வேறு யாரும் என்னைப் பார்க்கிற வாய்ப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சாலை என்கிற பஜாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கவுண்டரில் நின்றேன். வருகிறவர்கள் தாழ்ப்பாளைப் பார்ப்பார்கள், கீலைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்கத் தேவையில்லை. கரமனையில் மாடியில் ஓர் அறை. கீழே வீட்டுக்காரர்கள் வாசல் கதவைச் சாத்திவிட்டால் மறுநாள் காலை பஸ் கண்டக்டரிடம் 'சாலை' என்று சொல்லும்வரை என் வாய்க்கு வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடகர் வீட்டுக் கார் ஷெட்டில் ஒத்திகை. வாரத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன்.

கீபோர்டுக்காரனும் நாஞ்சில் நாட்டு வம்சம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழும் மலையாளமும் அவன் வாயில் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும். கல்யாணம் ஆனவன். அவன் மச்சான் மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் இருந்தார், அங்கே வாசிக்க ஆள் வேண்டும் என்று இவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவனும் இரண்டு வருஷமாக "பாக்கலாம், பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். ஏர்மெயில் கவர் வந்த செய்தி காதில் விழும்போதெல்லாம் கிடாரைச் சுருதி சேர்க்கிற சாக்கில் குனிந்துகொள்வேன். அவன் போய்விட்டால் என் கதி என்ன என்று யோசிக்கவே பயம். அதனால் அந்தப் பேச்சை நான் எடுப்பதேயில்லை.

இப்படி இருக்கையில், கலைந்துபோன வேறொரு ட்ரூப்பிலிருந்து ஒரு ரேக் எங்கள் பாடகர் கைக்கு வந்தது. இரும்புச் சட்டத்துக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகி வைத்த மூன்று கறுப்புப் பெட்டிகள். உள்ளே நூற்றுக்கு மேல் ஒலிகளைச் சேர்த்து வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். மிடி கேபிளால் கீபோர்டோடு இணைத்துவிட்டால், கீபோர்டில் செருகிய ஃப்ளாப்பியில் பாட்டின் பதிவு ஓட ஓட உரிய இடத்தில் கீபோர்டே எண்ணை அனுப்பும், கிடாரின் ஒலி தானாக மாறும். காலுக்கும் வேலையில்லை, கண்ணுக்கும் வேலையில்லை.

"பெடல் மதியெங்கில் மதி. இல்லெங்கில் ரேக். ஓணத்துக்கு முன்ன தீருமானம் பறயணும், கேட்டோ," என்றார் பாடகர். பெடல் போதுமா, ரேக் போதுமா என்று ஓணத்துக்கு முன் முடிவு சொல்ல வேண்டுமாம். அவர் மலையாளி, எங்களிடம் இப்படித்தான் தமிழ் பேசுவார்.

நான் பெடல்தான் நல்லது என்று வாதாடினேன். ரேக்கின் ஒலியில் உயிர் இல்லை, பழுதானால் மேடையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும் என்றெல்லாம் அளந்தேன். உண்மைக் காரணத்தை எப்படிச் சொல்வது? ஐம்பது தடவை என்னைப் பார்க்கிறவன் பார்க்காமல் போய்விடுவான் என்று வளர்ந்த ஆண்பிள்ளை வெளியே சொல்ல முடியுமா?

அடுத்த ஞாயிறு டீ குடிக்க வெளியே போனவன், சிகரெட்டை ஷெட்டில் மறந்துவிட்டதால் திரும்பி வந்தேன். ஷெட்டுக்குள் கீபோர்டுக்காரன் டிரம்ஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நம்ம கிடாருக்கு ஞான் தலையாட்டிக் குடுத்தாத்தான் வண்டி ஓடும்."

டிரம்ஸ்காரர் சிரித்தார். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் எங்கள் குட்டு மூன்றாவது ஆளின் காதுக்குப் போயிருந்தது. ஆசையாகச் சொன்னானா, கேலியாகச் சொன்னானா என்று கேட்டிருக்கலாம். எனக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். நேரே வீட்டுக்குள் போய்ப் பாடகரிடம், "ரேக்கே போதும்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே ஆட்டோவில் அந்தச் சட்டத்தை ஏற்றிக்கொண்டு கரமனைக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கடை விட்டு வந்ததும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். முப்பத்தாறு ஒலிகள் தயார் செய்தேன். எந்தப் பாட்டில் எந்த வரி முடிந்ததும் எந்த எண் என்று தாளில் எழுதிப் பாடகரிடம் கொடுத்தனுப்பினேன். கீபோர்டுக்காரன் அதைப் பார்த்து எண்களைப் பதிய வேண்டியதுதான். கடைசி ஒத்திகைக்கு எல்லாவற்றையும் இணைத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். காய்ச்சல் என்று பதில் சொல்லிவிட்டு அறையிலேயே கிடந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளமாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது. வீறாப்பில் செய்ததால் அழவும் முடியவில்லை.

ஓண வாரத்தில் ஒரு ஆபீஸ்காரர்களின் விழா, மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் பாயசக் களைப்பில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாட்டு ஒரு தாலாட்டு. மெல்லிய ஒலி வர வேண்டிய இடத்தில் என் கிடார் லாரி ஏற்றத்தில் ஏறுகிற மாதிரி உறுமியது. முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அடுத்த பல்லவியில் உறுமல் போய் எதிரொலி வந்தது, அதுவும் தப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலடியில் மிதிப்பதற்குக்கூட ஒன்றும் இல்லை.

பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் கீபோர்டுக்காரன் எழுந்து வந்தான். இரண்டு வாரமாக நான் முகம் கொடுக்காதவன். குனிந்து மிடி கேபிளை உருவினான்.

"மக்கா, எல்லாம் ஒண்ணு கூடுதலா வருது. உன் பெட்டி ஒண்ணுல இருந்து எண்ணுது, என் கீபோர்டு பூஜ்யத்துல இருந்து எண்ணுது. மனசிலாச்சா? இனி நீ கையால திருப்பு. ஞான் பறயுதேன்."

பிறகு அந்த நிகழ்ச்சி முழுவதும் அவன் என்னைப் பார்த்தான். மோவாயைத் தாழ்த்துவான், நான் சபைக்கு முதுகைக் காட்டி ரேக்கின் குமிழைத் திருகுவேன், மறுபடி திரும்பி வாசிப்பேன். மூன்று மணி நேரம் இப்படிக் குனிந்து நிமிர்ந்தோம். ஒரு தடவை நான் குமிழைத் திருகி முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது, அவன் கீபோர்டின் மேல் கவிழ்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். திருவனந்தபுரத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது.

மறு ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் ஷெட்டுக்குப் போனோம். நான் பாட்டைச் சொல்ல, அவன் ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் குறைத்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு பாட்டையும் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒலி சரியான இடத்தில், முடியளவு பிசகாமல் மாறியது. நாலு மணிக்கு வேலை முடிந்தது. ஃப்ளாப்பியை வெளியே எடுத்து நெற்றியில் தட்டிக்கொண்டே அவன் சொன்னான்.

"அப்பம் நான் இனி மச்சானுக்கு எழுதலாம்."

எனக்குப் புரியவில்லை. என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"மஸ்கட்டுக்கு வாறேன்னுதான். ரெண்டு வருஷமா கூப்பிடுகான்லா. உன்னை விட்டுட்டு எப்படிடே போறது? வேற எவனாவது கீபோர்டுல உக்காந்தா, ரெண்டாம் பாட்டுலயே உன் காரியம் வெளிய தெரிஞ்சிரும். அதான் தள்ளிப் போட்டேன். நீ ரேக்கு மதின்னு பறஞ்ச அன்னைக்கு எனக்கு எவ்வளவு ஆசுவாசம் தெரியுமா? இனி எவன் வந்தாலும் இந்த ஃப்ளாப்பி போதும். உனக்குக் கொழப்பமில்லல்லா?"

எனக்குப் பிரச்சினை ஒன்றுமில்லையே என்று கேட்டுவிட்டு, நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு நின்றான். 'கொழப்பம்தான், போகாதே' என்று சொல்லியிருந்தால் இன்னொரு வருஷம் தள்ளிப் போட்டிருப்பான், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டு வருஷம் தன் பிழைப்பை எனக்காக நிறுத்தி வைத்திருந்தவனை, சிகரெட் எடுக்க வந்த இடத்தில் காதில் விழுந்த ஒரு வரிக்காக நானே வழியனுப்பியிருக்கிறேன். அது புரிந்த பிறகும் வீறாப்பு விடவில்லை.

"ஒரு கொழப்பமும் இல்ல. நீ போய்ட்டு வா," என்றேன்.

அவன் போனபின் வந்த கீபோர்டுக்காரர் வயதில் மூத்தவர், நல்ல மனுஷர். ஃப்ளாப்பியைப் போட்டு ஓடவிட்டுத் தன் நொட்டேஷனைப் பார்த்து வாசிப்பார். முதல் நிகழ்ச்சி முடிந்ததும் பாடகர் என் தோளில் தட்டி, "இந்நு ஒரு இடத்தும் தெற்றியில்லல்லோ, நீ அசலாயிட்டு வாசிச்சு," என்றார். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லையாம், பிரமாதமாக வாசித்தேனாம். மூன்று மணி நேரம் நான் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை, ஒரு முகமும் என்னைப் பார்க்கவில்லை. பாடகர் பாராட்டியதை உடனே போய் ஒருவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவன் மஸ்கட்டில் இருந்தான். நான் கிடாரைப் பெட்டியில் வைத்து மூடினேன்.