ஆளில்லாத படம்

எங்கள் வீட்டில் ஆளில்லாத படம் படமே இல்லை. மலையோ ஏரியோ, முன்னால் எங்களில் ஒருவர் விறைத்துப்போய் நிற்கவேண்டும். இலையுதிர்காலத்தைப் படம் எடுத்து வரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னபோது நான் கொண்டுபோன படத்தில் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். மரம் எங்கே என்று ஆசிரியை கேட்டார். மரம் அப்பாவுக்குப் பின்னால் இருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குப் பத்து வயது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்தில் எங்களைப்போல ஒரு சில தமிழ்க் குடும்பங்கள்தான். மார்ச் கடைசியில் ஆசிரியை மறுபடி கேட்டார்: வசந்தத்தின் முதல் அடையாளம், ஆளுக்கொரு படம், அதில் மனிதர் இருக்கக்கூடாது. கடைசிச் சொல்லை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதே வாரம் அம்மாவுக்கும் படம் தேவைப்பட்டது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். ஓட்டல் ஒன்றில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். கொழும்பில் ஒரு பெண்ணை அம்மா அவருக்குப் பேசியிருந்தார். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் படம் கேட்டிருந்தார்கள். அவர்கள் வேறு இடமும் பார்த்துக்கொண்டிருந்ததால் படம் சுணங்காமல் போகவேண்டும். அப்பாவுக்கு ஞாயிறும் வேலை. கமெரா என் கழுத்துக்கு வந்தது.

"தலையில இருந்து கால்வரைக்கும் விழவேணும். பின்னால மலையும் பனியும் தெரியவேணும்," என்றார் அம்மா.

"அம்மா, ஒரே ஒரு பூப்படம் எடுக்கட்டோ? பள்ளிக்கூடத்துக்கு."

"கலியாணம் பூவுக்கோ, மாமாவுக்கோ? ஒரு படத்தை வீணாக்கினாய், கை முறியும்."

இருபத்துநாலு படம் எடுக்கக்கூடிய பிலிம். ஒன்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை.

மஞ்சள் தபால் பஸ்ஸில் மேலே போய் இறங்கி நடந்தோம். மாமா அப்பாவின் நீளக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, மினுக்கிய தோல் சப்பாத்தோடு வந்தார். பாதை பாதி பனி, பாதி சேறு. பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மாமா மூன்று தரம் வழுக்கினார். மலையேறும் சப்பாத்தும் தடியுமாக வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் வணக்கம் சொல்லிவிட்டு அவருடைய காலைப் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரம் ஏறிய பிறகு வெயில் பக்கத்துச் சரிவு வந்தது. பனி அங்கே துண்டு துண்டாகக் கிடந்தது. படுத்துக் காய்ந்த புல்லுக்குள்ளே குரோக்குஸ் பூக்கள், வெள்ளையும் ஊதாவுமாகச் சரிவு முழுக்க. சில பூக்கள் பனியையே துளைத்துக்கொண்டு வந்திருந்தன. மாமா சீப்பை எடுத்துத் தலைவாரி, பூக்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றார்.

நான் முழங்காலில் இருந்தேன். கமெராவைக் கீழே சரித்தேன். மாமாவின் தலை போனது, நெஞ்சு போனது, கால் போனது. ஒரு ஊதாப்பூவும் அதன் கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் பனியும் மட்டும் மிஞ்சின. அழுத்தினேன்.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவ்வளவு கோபம். அதோடு, நன்றாக வருகிறது என்று எனக்கே தெரிந்தது.

"வடிவா விழுறனோ பிள்ளை?"

"ஓம் மாமா."

"சிரிக்கட்டோ?"

"சிரியுங்கோ."

"அங்காலையும் கொஞ்சம் பூத்திருக்கு. அங்கை போய் நிக்கட்டோ?" என்று தானே கேட்டு, ஒரு பூவையும் மிதிக்காமல் போய் நின்றார். "மேகம் விலகட்டும், பொறு," என்றார். இப்படி ஒரு முட்டாள் மாப்பிள்ளையா என்று நினைத்தேன்.

கழுத்தில் பெரிய கமெரா தொங்க ஒரு கிழவர் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர் மாமாவிடம் ஜெர்மனில் சொன்னார்: "பிள்ளை நிலத்தையல்லவா எடுக்கிறது? உங்கள் தலை விழாது. தாருங்கள், நான் எடுக்கிறேன்."

வீட்டில் எல்லாருக்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"பூ நல்ல வடிவாம்."

மாமா கிழவரைப் பார்த்து, "டாங்கே, டாங்கே," என்றார். பிறகு உடைந்த ஜெர்மனில், பிள்ளை நன்றாக எடுக்கிறாள், அவளே எடுக்கட்டும் என்றார். கிழவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் மூச்சு விட்டேன். ஓட்டலில் மாமா ஒரு வருடமாக அந்தப் பாஷையில்தான் ஏச்சு வாங்குகிறார் என்ற யோசனை எனக்கு வரவில்லை.

கழுவி வந்த படங்களை அம்மா மேசையில் பரப்பினார். இருபத்துநாலும் பூ. மூன்றில் மட்டும் சப்பாத்து.

"பொம்பிளை வீட்டுக்குச் சப்பாத்தையோடி அனுப்புறது?" கன்னத்தில் இரண்டு விழுந்தது.

"விடுங்கோ அக்கா, சின்னப்பிள்ளை. நான் ஸ்டூடியோவில போய் எடுக்கிறன்," என்றார் மாமா. அடுத்த நாள் வேலை என்றார். அதற்கடுத்த நாள் தடிமன், மூக்கடைப்பு என்றார். பிறகு ஸ்டூடியோ பூட்டியிருந்தது என்றார்.

சப்பாத்து இல்லாத படம் ஒன்றை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஆசிரியை பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மற்றப் படங்களோடு சுவரில் குத்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு அது போதும்.

மே மாதம் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பெண்ணுக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்துவிட்டதாம். அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாமா குசினியில் முட்டைக்கறிக்கு வெங்காயம் வெட்டினார். வெட்டிக்கொண்டு பாடினார். அவர் பாடி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

என்னைத் தேற்றத்தான், தன் துக்கத்தை அடக்கிக்கொண்டு பாடுகிறார் என்று நினைத்தேன். சாப்பிடும்போது என் பங்கு முட்டையை எடுத்து அவருடைய கோப்பையில் வைத்தேன்.

அவர் மறுக்காமல் சாப்பிட்டார்.