கொம்பின் மேல் ஒரு சமாதான மாநாடு

எங்கள் வீட்டில் உலகப்போர் மூண்டது ஒரு வைகாசி மாதத்தில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில். எனக்கு ஒன்பது வயது. கண்ணகை அம்மன் சடங்கோடு இந்த வருடம் கொம்புமுறி விளையாட்டும் உண்டு என்று கோயிலில் அறிவித்துவிட்டார்கள். பல காலம் நின்றுபோயிருந்த விளையாட்டு. ஊரே துள்ளிக் குதித்தது!

வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற எங்கள் ஊர் அன்றே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகிவிட்டது. சேரிக்கு ஒன்றாக வளைந்த மரக்கொம்புகள். இரண்டையும் ஒன்றில் ஒன்று மாட்டிக் கொளுவி, கயிறு கட்டி, ஆளுக்கொரு பக்கமாக இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். சேரி பிறப்போடு வருவது, கலியாணம் கட்டினாலும் மாறாது. அப்பா வடசேரி. அம்மா தென்சேரி.

"உங்கட கொம்பு முருங்கைக் கம்புதானே," என்றார் அம்மா, அப்பாவுக்குச் சோறு போட்டபடி.

"நாங்க தோத்தா நான் இந்த வீட்டில இரிக்க மாட்டன். தோணிக்குள்ளதான் படுக்கை," என்றார் அப்பா.

"நாங்க தோத்தா நான் என்ர தாய் வீட்டை போயிருவன், ஓம்!"

நான் சோற்றை அளைந்தபடி கணக்குப் போட்டேன். எவர் வென்றாலும் வீட்டில் ஒருவர் குறையப்போகிறார்!

அதே நாட்களில் பல்கலைக்கழகக் கம்பசில் அரசியல் படித்துக்கொண்டிருந்த அக்கா, வகுப்பில் பேசுவதற்கு ஓர் உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்: சர்வதேசியச் சிந்தனையின் வளர்ச்சி. முற்றத்தில் நடந்து நடந்து பேசுவாள், போனில் பதிவாக்குவாள், போட்டுக் கேட்டுத் தன்னையே மெச்சிக்கொள்வாள். எனக்கும் முழுவதும் பாடமாகிவிட்டது. அரசர்கள் சண்டையை விட்டு நிரந்தரச் சமாதானம் செய்துகொள்ளலாமே என்று முதலில் சில பேர் கனவு கண்டார்களாம். பிறகு வேறு சிலர், எல்லா நாட்டுத் தொழிலாளரும் ஒரே வர்க்கம், எல்லைக்கோடு முதலாளிமாருக்குத்தான் என்றார்களாம். முதல் பெரிய யுத்தம் முடிய நாடுகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. அது சரிந்து, இரண்டாவது யுத்தமும் வந்து, மறுபடி ஒரு சபை கூடியது. அடிமைப்பட்டுக் கிடந்த நாடுகளோ, "எங்களையும் மேசைக்குக் கூப்பிடுங்க" என்று எழும்பி நின்றன.

அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். அட, இவ்வளவு பெரிய உலகமே ஒரு மேசையில் இருந்து பேசியிருக்கிறது, அப்பாவும் அம்மாவும் பேசினால் என்ன குறைந்துவிடும்!

கொம்புமுறி நாள் பின்னேரம் கோயில் வெளியில் எள் போட இடமில்லை. பறை அதிர்ந்தது. கொம்புகளைக் கொளுவியாயிற்று. வடசேரிக் கயிற்றில் அப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கம் பெண்கள் கூட்டத்தின் முன்வரிசையில் அம்மா. இழு என்று சொல்லும் முன்பு நான் பாய்ந்து போய் இரண்டு கொம்புகளுக்கும் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"ஆரும் இழுக்கப்படாது! எல்லாரும் ஒரு மேசையில இருந்து பேசணும்!"

பறை நின்றது. என் வாழ்க்கையில் அத்தனை பேர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயமா? இல்லை, தலைகால் புரியாத சந்தோசம்!

"மேசை கோயிலுக்குள்ள இரிக்கி புள்ள, முதல்ல எழும்பு," என்றார் பூசாரி. "இது எந்தச் சேரிப் புள்ளகா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நான் ரெண்டும் இல்ல. நான் உலகத்துப் புள்ள!"

ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துணைக்கு அக்காவைத் தேடினேன். அவளுக்கு எல்லாம் தெரியுமே! அவளோ அம்மாவின் பக்கம் சேர்ந்து, தென்சேரிப் பெண்களோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் நின்றாள். "எழும்படி மூதேவி! நேரம் போகுது!" என்றாள். அடிப் பாவி, அத்தனை நாடுகளையும் ஒன்றாக்கிய வாயா இது?

அப்பா ஒரு கையையும் அம்மா மறு கையையும் பிடித்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "உங்கட புள்ளைதானே," என்றார் அம்மா. "குணம் உன்ர பக்கம்," என்றார் அப்பா.

பிறகென்ன, இழுத்தார்கள். மண் பறந்தது, கயிறு முனகியது, படார் என்று வடசேரிக் கொம்பு முறிந்தது. தென்சேரி ஆடியது, பாடியது, தோற்றவர்களின் மீசை, வேட்டி, மாடு, மச்சான் ஒன்றையும் விடாமல், வென்றவர் பாடும் வழக்கப்படி, வசைப்பாட்டுப் பாடியது. அம்மாவின் குரல்தான் உச்சத்தில். நான் விம்மி விம்மி அழுதேன். அப்பா போகப்போகிறார்.

பொழுதுபடும் நேரம் அப்பா எந்த நாளும் போல வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்கு இறங்கினார். நான் ஓடிப்போய்த் தோணிக்குள் குந்திக்கொண்டேன். நாடுகடத்தப்படுகிறவரைத் தனியே விட முடியுமா?

"சரி, வா," என்றார் அப்பா. அம்மா கரை வரைக்கும் வந்து சோற்றுப் பொதியை நீட்டினார். "தோத்த ஆளுக்கு ரெண்டு மீன் கூட வைச்சிரிக்கன்."

"அடுத்தமுறை பாப்பம்கா," என்றார் அப்பா. தாய்க்கும் தகப்பனுக்கும் இடையில் ஒரு சிரிப்பு ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுத்தத்தில் தோற்று வீடு இழந்து போகிறவருக்கு என்ன சிரிப்பு?

தோணி கரையை விட்டு விலகியது. நடு வாவிக்கு வந்ததும் அப்பா துடுப்பை வலித்தபடி மெல்லப் பாடத் தொடங்கினார். காது கொடுத்துக் கேட்டேன். வடசேரியின் மீசையைப் பழித்து அம்மா பாடிய அதே வசைப்பாட்டு! அம்மா விட்டுவிட்ட அடியொன்றையும் சேர்த்து, ரசித்து ரசித்துப் பாடினார்.

தோல்வியில் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவுகட்டி, அவர் தண்ணீரில் குதித்துவிடாதபடி சாரத்தின் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.