நூலில் அளந்த மலை

சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் வேலை முடிந்ததும் சிராஜ் முதலில் கையைக் கழுவுவான். விரலிடுக்கில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் பசை இருந்தால் நூல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு விரலாகச் சுரண்டிக் கழுவி, துண்டில் துடைத்து, பிறகுதான் வெட்டு மேஜைமேல் படத்தை விரிப்பான். மும்பை போரிவலி நேஷனல் பார்க்கின் வரைபடம் அது. தாதரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி எடுத்தது. பை தைக்கிற மெழுகு நூலில் இரண்டு முழம் இழுத்து, அதன் நுனியை பார்க் வாசலில் வைத்து இடது கட்டைவிரல் நகத்தால் அழுத்திக்கொள்வான். வலது கை பாதையோடு நூலை வளைத்துக்கொண்டே போகும். கைப்பிடிக்கு வளைவு வெட்டுகிற கை என்பதால் எந்த வளைவையும் சோம்பல்பட்டு நேராக்காது. போய்ச் சேர்ந்த இடத்தில் நூலை அறுத்து, அடிக்கோலில் நீட்டிப் பார்ப்பான். கடைசியாக முடிச்சுகள். ஓடுகிறவர்களுக்குச் சிவப்பு நூல், இரண்டு முடிச்சு. நடக்கிறவர்களுக்கு வெள்ளை நூல், ஏழு முடிச்சு.

ஏழு எதற்கு என்பது தனக்கும் உமைராவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்திருந்தான்.

மேலப்பாளையத்திலிருந்து பதினாறு வயதில் தாராவிக்கு வந்தவன் சிராஜ். இப்போது நாற்பத்துநாலு. தோல் கைப்பைகளுக்கு அட்டையில் மாதிரி வெட்டித் தருவதுதான் வேலை. காடு, மலை என்று எதிலும் அவனுக்கு ஆசை இருந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவன் மனைவி உமைராவுக்குக் காசநோய் வந்தது. மாத்திரை தின்று தின்று ஒன்பது மாதத்தில் நோய் போனது; மூச்சு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னார்: "நல்ல காத்துல நடங்க. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா தூரத்தைக் கூட்டுங்க."

நல்ல காற்றுக்கு எங்கே போவது? சந்தில் நிமிர்ந்து பார்த்தால் தார்பாய்தான். மாஹிமில் ரயிலேறினால் போரிவலியில் ஒரு காடே இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் அந்தப் படம் வந்தது, நூல் வந்தது.

சந்தில் யார் கேட்டாலும், "நெஞ்சுச்சளி, ஒத்துக்காத சளி" என்றே சிராஜ் சொல்லிவந்தான். எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாய். இதே நோய் வந்த இன்னொரு வீட்டுக் குடத்தை மற்றக் குடங்கள் எப்படித் தள்ளி வைத்தன என்று அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். உமைராவின் குடம் அப்படித் தனியே நிற்கக் கூடாது. அவன் அப்படி முடிவு செய்தபோது உமைரா குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.

முதல் ஞாயிறு இரண்டே பேர். அடுத்த ஞாயிறு எதிர்வீட்டு மீனாட்சியம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"விடியக்காலம் சோடி போட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா ஒரு நடை, யக்கா."

"சும்மா நடக்க ரயிலேறிப் போவாங்களா? இரு, செருப்ப மாட்டிட்டு வாரேன்."

ஆறு மாதத்தில் ஒன்பது பேராகிவிட்டார்கள். அதில் நாலு பேர் ஓடுகிறவர்கள். மோட்டார் பைக்கில் பார்சல் கொண்டுபோகிற அர்பாஸ்தான் அவர்களுக்குத் தலைவன். எந்த ரயில், யார் தண்ணீர் சுமப்பது, எந்தப் பாதைக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுக் கைடு வைக்க வேண்டும், எல்லாம் சிராஜ் பொறுப்பு. அவனுக்கென்று சட்டங்களும் இருந்தன. குரங்குக்குப் பிஸ்கட் காட்டக் கூடாது. சிறுத்தை நடமாடுகிற காடு என்பதால் நன்றாக வெளுத்த பிறகுதான் ஓட்டம், அதுவும் இரண்டு இரண்டு பேராக.

முடிச்சு வருகிற இடத்தில் நடக்கிறவர்கள் நிற்க வேண்டும். நிற்பது உமைராவின் மூச்சுக்காக. ஆனால் அப்படிச் சொல்ல முடியாதே. அதனால் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு காரணம் ஜோடித்து வைத்திருந்தான். முதல் முடிச்சில் அத்திமரத்தில் பச்சைப்புறா. இரண்டாவதில் பாலத்தின்மேல் போட்டோ.

"தம்பி, போன வாரமும் இந்தப் பாலத்துலதானே எடுத்தோம்?" என்பாள் மீனாட்சியம்மாள்.

"போன வாரம் தண்ணி கம்மி யக்கா. இன்னைக்கிப் பாருங்க, எப்படி ஓடுது!"

"அப்பச் சரி. எடு எடு. என் கண்ணாடியக் கழட்டிக்கிடுதேன்."

பழைய குகைகளுக்குப் போகிற பாதையில் பாதி தூரத்திலேயே எல்லோரும் திரும்பிவிடுவதுதான் வழக்கம். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே உமைரா சொன்னாள்: "ஏங்க, கன்ஹேரி குகை உச்சி வரைக்கும் போகணும்."

"அவ்ளோ தூரமா? இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் புள்ள."

"டாக்டரம்மா சீக்கு போயிருச்சுங்காங்க. ரிப்போர்ட்டு போயிருச்சுங்குது. எனக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரல. ஒரே ஒரு தடவை என் காலால அந்த உச்சியில போய் நின்னுட்டா, சீக்கு போயிருச்சுன்னு நானே நம்பிருவேன்."

இதற்கு மேல் சிராஜால் மறுக்க முடியவில்லை. பயம் மட்டும் இருந்தது. வழியில் மூச்சு அடைத்து நின்றுவிட்டாள் என்றால் இத்தனை நாள் மூடி வைத்தது எல்லோர் முன்னாலும் அவிழ்ந்துவிடும். அவளும் இனிமேல் மலை என்ற பேச்சையே எடுக்க மாட்டாள்.

அந்த வாரம் நூலை இரண்டு முறை அளந்தான். ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஏழாவது முடிச்சைக் குகைகளின் டிக்கெட் வாசலில் போட்டான். அங்கிருந்து உச்சிக்குப் படத்தில் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. நகத்தளவு தூரத்துக்கு எவன் முடிச்சுப் போடுவான்? இருபத்தெட்டு வருடமாகத் தோலை மேஜையில் விரித்து வைத்தே வேலை பார்த்தவன் அவன். விரித்தால் எதுவும் தட்டையாகக் கிடக்கும், அட்டையில் உள்ள அளவுதான் தோலில் வரும். மலை அப்படிக் கிடக்காது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழாவது முடிச்சு வரை எல்லாம் நூல் பிடித்த மாதிரியே நடந்தது. ஓடுகிறவர்கள் முன்னாலேயே மேலே போய்விட்டார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்த பிறகுதான் சிராஜ் அண்ணாந்து பார்த்தான். பாறையிலேயே வெட்டிய படிகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், மழை ஈரம் காயாமல் வழுவழுவென்று மேலே மேலே போயின. அந்த நகத்தளவு தூரம் நெட்டுக்குத்தலாக நின்றது.

முப்பதாவது படி இருக்கும். உமைரா நின்றுவிட்டாள். பாறையில் கையை ஊன்றிக் குனிந்தாள். மூச்சு விசில் மாதிரி இழுத்தது. பிறகு இருமல். பழைய இருமல்.

சிராஜ் சுற்றுமுற்றும் பார்த்தான். காட்ட ஒரு புறா இல்லை. போட்டோ எடுக்க ஓடுகிற தண்ணீரும் இல்லை. பின்னால் எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள்.

அப்போது மீனாட்சியம்மாள் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அய்யோ, என் முட்டி! போச்சு! இனிமே எவனாவது எந்திரிங்கன்னு சொன்னீங்க, தொலைச்சிப்புடுவேன்."

மேலேயிருந்து அர்பாஸ் இறங்கி வந்துகொண்டிருந்தான். "என்ன யக்கா, தர்ணாவா?"

"ஆமாலே, தர்ணாதான். நீயும் உக்காரு."

"நான் இப்பதான் மேல போயிட்டு வாரேன்."

"அதனால என்ன? ஓடுறவன் உக்காரக் கூடாதுன்னு சட்டமா? உக்காருல!"

உட்கார்ந்தான். அவன் பின்னால் வந்த மூவரும் உட்கார்ந்தார்கள். படிநெடுக ஆட்கள். ஒருத்தரும் உமைராவைப் பார்க்கவில்லை. ஒரு தண்ணீர் பாட்டில் கைமாறிக் கைமாறி, அவசரமே இல்லாமல், அவளிடம் போய்ச் சேர்ந்தது. வழியில் சறுக்கி விழப்போன கதையை அர்பாஸ் நடித்துக் காட்டினான். "இவனைப் பார்சல்ல கட்டித்தான் கீழ அனுப்பணும்" என்றாள் மீனாட்சியம்மாள். உமைரா இருமலுக்கு நடுவே சிரித்தாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். விசில் சத்தம் அடங்கியது. முதலில் எழுந்தது உமைராதான்.

"யக்கா, முட்டி எப்படி இருக்கு? கையைக் குடுங்க."

கையைக் கொடுத்தவள் பிறகு விடவே இல்லை. இருபது படிக்கு ஒரு தரம் மீனாட்சியம்மாளின் முட்டி போனது. ஒவ்வொரு தரமும் ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மேலே காற்று முக்காட்டைப் பிடித்து இழுத்தது. கீழே கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. அதன் ஓரத்தில், நட்டுவைத்த தீக்குச்சிகள் போல ஊரின் கட்டடங்கள். உமைரா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"ஏங்க, மூச்சு வாங்குது," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆனா வருது. நல்லாவே வருது."

சிராஜ் சட்டென்று மற்றவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான். யாரும் திடுக்கிடவில்லை. அர்பாஸ் கடலைப் பொட்டலத்தைக் குரங்கு கண்ணில் படாமல் பிரித்துக்கொண்டிருந்தான். தப்பித்தோம் என்று சிராஜ் நினைத்தான். ஆண்டவனுக்கு நன்றி சொன்னான். கூடவே மீனாட்சியம்மாளின் முட்டிக்கும்.

அந்த வாரமே மாட்டுங்காவுக்குப் போய் ஒரு வலித் தைலம் வாங்கிவந்து எதிர்வீட்டில் கொடுத்தான். "எதுக்குத் தம்பி?" என்றாள் மீனாட்சியம்மாள். முட்டிக்கு என்றதும் ஒரு கணம் விழித்து, "ஆமா, முட்டி! குடு, குடு," என்று வாங்கிக்கொண்டாள். இப்போது புதுப் பாதை போடும்போது சிராஜ் நூலை மட்டும் நம்புவதில்லை; கைடுக்குப் போன் போட்டு, எத்தனை படி, எத்தனை ஏற்றம் என்று கேட்டு எழுதிக்கொள்கிறான். உமைரா அதற்குப் பிறகு மூன்று தடவை உச்சிக்குப் போய்விட்டாள்.

நாலு மாதம் கழித்து, ரயில் வாசலில் காற்று வாங்கியபடி நிற்கும்போது அர்பாஸ்தான் சிராஜிடம் வாய்தவறிச் சொன்னான். மீனாட்சியம்மாள் வந்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, பெண்கள் பெட்டியில், ரயில் மாஹிமை விட்டு பாந்த்ராவுக்குப் போய்ச் சேர்வதற்குள், தன் நோயின் பெயரையும் ஒன்பது மாத மாத்திரையையும் உமைராவே அவளிடம் சொல்லிவிட்டாள். பிறகு வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மீனாட்சியம்மாள் வழியாகச் சொல்லச் சொன்னவளும் உமைராதான். எல்லோரிடமும் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: உங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம், பாவம், கஷ்டப்பட்டுக் காரணம் கண்டுபிடிக்கிறார்.