எல்லோர் காதிலும் விழுந்த கேள்வி

பெங்களூருக்குப் படிக்கப் போன மகள், டி.வி.யில் மாட்டி ஆடும் தன் பழைய கேம் பெட்டியைத் திண்டிவனத்து வீட்டிலேயே விட்டுச் சென்றாள். போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவள், இணையத்தில் சேர்ந்து ஆடும் ஒரு துப்பாக்கி விளையாட்டில் என்னையும் தன் குழுவில் சேர்த்துக்கொண்டாள். இடிந்த ஊரில் சுற்றித் திரிந்து எதிரிகளைச் சுட வேண்டும். அவர்கள் விட்டுப்போகும் ஆயுதங்களை அள்ள வேண்டும். விழுப்புரத்தில் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

"நைனா, என் பின்னாடியே வந்துக்கினு இரு. நல்ல துப்பாக்கி வுழுந்தா உனக்குத்தான்" என்பாள். குழுவில் இருந்த அவளுடைய கல்லூரித் தோழிகள் இருவரும் சிரிப்பார்கள்.

ஒரு ஞாயிறு மதியம், ஆட்டத்தின் நடுவே, வீட்டில் கேட்பதுபோலக் கேட்டுவிட்டேன்: "அந்த ரெண்டு அரியரையும் எழுதினியா, இல்ல இதையே ஆடிக்கினு கீறியா?"

நான் பேசுவது மற்ற மூவருக்கும் கேட்கும் என்பது தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அடிப்பாவி! ஆல் கிளியர்னு ட்ரீட் வெச்சியேடி!" என்றாள் ஒரு தோழி.

திரையில் எனக்கு முன்னால் நின்றிருந்த மகளின் உருவம் அப்படியே மறைந்துபோனது.

வாரம் தவறாமல் போன் செய்கிறாள். "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஆடக் கூப்பிடுவதில்லை. நானாகக் கூப்பிடத் துணிவில்லை. அவள் வந்தாலும், முதலில் அரியரைப் பற்றித்தான் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.