செங்கல் வரிசைக்கு அந்தப் பக்கம்

பூட்டுக்காரர் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு அரசாங்கம் நடந்தது. வாசலிலிருந்து நடுவில் பதித்த செங்கல் வரிசை வரைக்கும் அவருடையது. ரோஜா, டாலியா, சாமந்தி. செங்கலுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிமென்ட் குளம், அதில் அல்லி, ஏழு மீன்கள். அது அவர் மனைவியின் ஆட்சி. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் தெருவுக்கே அவள் டீச்சர். வீட்டில் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார், பாதி கிண்டலாக, பாதி பயத்தில்.

அந்தச் செங்கல் வரிசை சும்மா வரவில்லை. கல்யாணமான புதிதில் அவர் ரோஜாவுக்குப் பூச்சி மருந்து அடிக்க, காற்று அதை அள்ளிக்கொண்டுபோய்க் குளத்தில் போட்டது. மூன்று மீன்கள் செத்தன. டீச்சர் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் ஒரு கூடை செங்கல்லோடு உட்கார்ந்து எல்லை கட்டிவிட்டாள். இனிமேல் குளத்துப் பக்கம் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள். முப்பத்தொரு வருஷம் அவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து இரண்டு நாள் சும்மா வைத்திருப்பாள். தண்ணிக்குக்கூட லீவு விடுகிறாளே என்று அவர் சிரிப்பாரே தவிர, ஏன் என்று கேட்டதில்லை.

மீன்களில் பெரியதுக்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் தொப்பையைத் தள்ளிக்கொண்டு எல்லோரையும் மேற்பார்வை பார்த்து வரும். பிள்ளை இல்லாத வீடு. தன்னிடம் பேசியதைவிட மேனேஜரிடம் அவள் பேசியதுதான் அதிகம் என்று கடைக்கு வருகிறவர்களிடம் புலம்புவார்.

டீச்சருக்கு வயிற்றில் வலி வந்து, ஸ்கேன் எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மீனுக்குத் தீனி போட மட்டும் அவருக்கு அனுமதி கிடைத்தது. இரண்டு சிட்டிகை, அதற்கு மேல் கூடாது. முதல் நாள் போய்ப் பார்த்தால் குளம் பச்சைப் பசேலென்று, சுவரெல்லாம் பாசி. அவர் மனசு கேட்கவில்லை. பூட்டு வேலையில் அவருக்கு ஒரே பாடம்தான். துரு துளி இருந்தாலும் திரும்பப் பிடிக்கும், ஒட்டச் சுரண்ட வேண்டும். அவள் வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்களைப் பக்கெட்டில் விட்டுவிட்டு, குளத்தை இறைத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாயைத் திறந்து விளிம்பு வரை நிரப்பினார். இடுப்பு கழன்றுவிட்டது. ஆனாலும் சாயங்காலம் மாப்பிள்ளை மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெருமையடித்தார். தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது, அடியில் ஊசி கிடந்தாலும் எடுக்கலாம் என்றார்.

டீச்சர் குழாய்த் தண்ணீரா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். அசதி போலிருக்கிறது என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் ஏழும் வயிற்றைக் காட்டி மிதந்தன. மேனேஜர் அல்லி இலைக்கடியில் ஒதுங்கியிருந்தது. அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ரோஜாச் செடிக்கடியில் புதைத்தார். குளத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அல்லியைப் பிடுங்கி ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டுவிட்டு, தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டினார். அன்றைக்கே டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், இரண்டு வாரம், போனால் மூன்று வாரம் என்றார். இடிமேல் இடி.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொய். மீன் சாப்பிட்டதா என்று அவள் கேட்பாள். சாப்பிட்டது என்பார். மேனேஜர் என்ன செய்கிறது என்பாள். சோம்பேறி, கூப்பிட்டால்தான் மேலே வருகிறது என்பார். நாளுக்கு நாள் பொய் வளர்ந்தது. நடுவில் ஒருநாள் மேனேஜருக்கும் தவளைக்கும் சண்டை என்று ஒரு கதையே கட்டினார். அவள் சிரித்தாள். வலி குறைந்திருக்கிறது என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சளைக்கவில்லை.

பத்தாம் நாள் அவள் மீனைப் பற்றிக் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தைத் தட்டி உட்காரச் சொன்னாள்.

"ஏங்க, போதும். குழாய்த் தண்ணின்னு சொன்னீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுல குளோரின் மருந்து கலந்திருக்கும். அந்தப் பாசியிலதான் அதுங்க உயிரே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் டீச்சர் தினமும் கேட்ட?"

"சும்மா உக்காந்திருந்தா என் மூஞ்சியப் பாத்து அழுதுடுவீங்க. மீன் கதை சொல்றப்போ அழல. நான் சொல்லிக் கொடுத்திருக்கணும். முப்பது வருஷமா கோவத்தப் பிடிச்சுக்கிட்டு, உங்கள அந்தப் பக்கமே விடல."

குளத்தைக் காலி செய்ததையும் அல்லியைப் பிடுங்கியதையும் அவர் ஒப்புக்கொண்டார். அவள் மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொடுத்தாள். மருந்து போக டிரம்மில் இரண்டு நாள் வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். சுவரைத் தேய்க்கக் கூடாது. அல்லியைத் திரும்ப நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் தானாகப் பச்சை பிடித்தால்தான் மீன்.

"எத்தனை நாள் ஆகும்?"

"நாப்பது நாள்."

"இருபது நாள் போதாதா?"

"போதாதுங்க."

"வெயில் நல்லா அடிக்குது. பதினஞ்சு நாள்ல பச்சை பிடிச்சிடாதா? நீ வந்து பாக்கலாம்ல?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவசரப்பட்டா புதுசா விடுற மீனும் செத்துப்போயிடும். நாப்பது நாள் முழுசா போகட்டும். நீங்களே விடுங்க."

அன்றைக்குத்தான் அவர் அவள் முன்னால் வாய்விட்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிரம்மைக் குழாயடியில் வைத்தார். மூன்றாம் நாள் டிரம்மிலிருந்து முதல் குடத்தைக் குளத்தில் ஊற்றி, காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டார். டீச்சர் அதிலிருந்து எட்டாம் நாள் போய்விட்டாள். மீன் விட இன்னும் முப்பத்திரண்டு நாள் இருந்தது.