பக்கி முட்டையிட்ட இடம்

எங்கள் மேட்டாங்காட்டில் பக்கி என்றொரு பறவை இருந்தது. பகலெல்லாம் சருகோடு சருகாகக் கண்ணை மூடிக் கிடக்கும். காலடியில் இருந்தாலும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் வாயைப் பிளந்துகொண்டு தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். நடுநடுவே வண்டித்தடத்தின் சூட்டுமண்ணில் வந்து உட்காரும். அதைப் பார்க்கத்தான் ஆடுகளைப் பட்டியில் அடைத்த பிறகும் காட்டில் நிற்பேன். யாரும் என்னை எதற்கும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான்.

இந்தக் கோடையில் தடத்தோரமாக முட்டையிட்டது. கூடு இல்லை, குழிகூட இல்லை. வெறும் சரளைக்கல் மேல் இரண்டு முட்டை. என்ன தைரியமோ! அதே வாரம் என் வீட்டுக்காரர் தண்ணீருக்குப் போர் போட ரிக் வண்டிக்குச் சொல்லிவிட்டார். தென்னை காய்கிறது, அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் வந்து, இதுதான் பாயிண்ட் என்று காட்டின் கோடியில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போனார். வருகிற வண்டி முட்டைமேல் ஏறிவிடக் கூடாதே என்று நான் சுற்றிலும் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன்.

"பக்கி முட்டை வெச்சிருக்குதுங்க. வண்டிக்காரங்ககிட்டச் சொல்லிருங்க."

"செரி புள்ள" என்றார்.

சொல்லவில்லை. வண்டி வந்தபோது பூசைக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தார். நான் வந்தவர்களுக்குச் சோறாக்கிக்கொண்டிருந்தேன். வட்டத்தைக் கண்டவர்கள் அதுதான் பாயிண்ட் என்று நினைத்துவிட்டார்கள். குச்சியை யார் பார்த்தார்கள்? சத்தம் கேட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது வட்டமும் இல்லை, முட்டையும் இல்லை, கல்மாவுப் புழுதிதான்.

தண்ணீர் பீறிட்டு வந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். வராமல் போயிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். வந்துவிட்டதால் நான் கைராசிக்காரி. "எம் பொண்டாட்டி போட்ட பாயிண்டுங்க" என்று டீக்கடையெல்லாம் பெருமை. முட்டையைப் பற்றிப் பேசினால், "உடு புள்ள, வேற எடத்துல வெச்சுக்கும்" என்கிறார். அந்தி நேரத்தில் இப்போது மோட்டார்தான் கத்துகிறது.

நேற்று பக்கத்துக் காட்டுக்காரர் வந்தார். அவரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாமென்று பக்கி வந்தது, முட்டையிட்டது, போனது எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்படீங்களா அம்மணி? எங்க காட்டுலயும் ஒரு ஜோடி பொழுதோட கத்துதுங்க" என்றார். "எங்க முட்டை வெக்குதுன்னு பாத்து, அங்கயே ரிக் வண்டிய நிறுத்திப் போர் போட்டர்றனுங்க."